சூட்டில் விழிக்கும் சாட்சி

க்ளக்!

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கையில் இருந்த டின்னைக் கீழே வைக்காமலேயே துப்பறியும் சேதுராமன் திரும்பிப் பார்த்தார். அவருடைய உதவியாளன் யூசுப் அதற்குள் கதவின்மேல் பாய்ந்திருந்தான். தோளால் ஓர் இடி இடித்தான். கதவு அசையவில்லை. யூசுப்தான் அசைந்தான்.

"அண்ணே, கதவுக்கு நம்மளப் பிடிச்சுப் போச்சு. விடமாட்டேங்குது லா."

"கைப்பிடி?"

"உள்பக்கம் வைக்கவே இல்ல. இந்த ரூமைக் கட்டினவன், உள்ளே போறவன் திரும்பி வருவான்னு நெனக்கல போல."

காஜா பெராங்கில் இருந்த அந்த டின் உணவுத் தொழிற்சாலையில் அதற்குச் சூட்டறை என்று பெயர். சமைத்து மூடிய டின்களில் சிலவற்றை இங்கே வெப்பத்தில் வைத்திருந்து, கெடுகிறதா என்று பார்ப்பார்கள். ஜன்னல் கிடையாது. சுவரும் கதவும் இரட்டைத் தகரம். நடுவில் உமி அடைத்திருந்தார்கள். சூடு வெளியே போகக்கூடாதல்லவா? சூடு போகாத இடத்தில் சத்தம் மட்டும் போய்விடுமா?

"காப்பாத்துங்க!" என்று யூசுப் கத்திப் பார்த்தான். உமி அதை விழுங்கிக்கொண்டது.

"அண்ணே, அந்தப் பொண்ணு விஜயா வாசல்ல காவலுக்கு நின்னுச்சே. மேனேஜர் பார்த்துட்டானா? அதை என்ன செஞ்சானோ!"

சேதுராமன் கதவில் காதை வைத்து நின்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

விஜயாதான் அவர்களைத் தேடி வந்தவள். இந்தத் தொழிற்சாலைச் சமையல்கட்டில் பருப்பு வேக வைப்பவள், ஒருமுறை மேனேஜரிடம் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள். அவள் கணவன் மருதமுத்து, மூடிய டின்களை நீராவித் தொட்டியில் இறக்கி அவிப்பவன். தொழிற்சங்கத்துக்காரன், மேனேஜர் கலியாணசுந்தரத்தோடு வாரம் ஒரு சண்டை போடுபவன்.

போன மாதம் இங்கிருந்து ராணுவத்துக்குப் போன பருப்புக்கறி டின்கள் அத்தனையும் புளித்துப்போயின. அதே நாள் சமைத்து, அதே தொட்டியில் அவித்து, கடைகளுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போன டின்களில் ஒன்றுகூடப் புளிக்கவில்லை. ராணுவச் சாப்பாடு மட்டும் கெட்டால் அதற்கு என்ன அர்த்தம்? காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். "நாச வேலை!" என்றார் மேனேஜர். போலீஸ் மருதமுத்துவைப் பிடித்தது.

அதுவரைக்கும் வழக்கு லேசாகத்தான் இருந்தது. நேற்று மருதமுத்து, 'நான்தான் செய்தேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான். எப்படிச் செய்தாய் என்றால் வாய் திறக்கவில்லை. இன்று பிற்பகல் போலீஸ் லோரி அவனைச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து கப்பல். இந்தியா. கைக்குழந்தையாக இங்கே வந்தவனுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்று கிடையாது. ஊரெல்லாம் மெர்டேக்கா என்று சுதந்திரத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது அவனுக்கு மட்டும் நாடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

சூட்டறை டின்களைப் பார்க்க வேண்டும் என்று சேதுராமன் கேட்டபோது மேனேஜர் கையை விரித்துவிட்டார். காலை தேநீர் நேரத்தில், எல்லோரும் கேண்டீனில் இருக்கும்போது, விஜயாதான் இவர்களைப் பின்வழியாகக் கூட்டிவந்து உள்ளே விட்டாள்.

இப்போது வெளியே சங்கு ஊதியது. தேநீர் நேரம் முடிந்தது.

அறையின் பின்சுவரை ஒட்டி ஓடிய தடித்த குழாய் ஒருமுறை முனகியது. பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று பாட ஆரம்பித்தது.

"அண்ணே, இது என்ன பாட்டு?"

"நீராவி. தொட்டிகளுக்குப் போற குழாய் இந்த ரூம் வழியாத்தான் போகுது. அவிப்பு ஆரம்பிச்சுட்டாங்க."

"டின்னை அவிக்கவா, நம்மளையா?"

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியது. அவர்கள் நுழைந்தபோது ஒரு மனித உடம்பின் சூடு. இப்போது கடுங்காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் எந்த டாக்டரும் பார்த்திராத காய்ச்சல்.

யூசுப் சட்டையைக் கழற்றினான். பனியனைக் கழற்றினான். "இதுக்கு மேல கழற்றணும்னா தோலைத்தான் அண்ணே கழற்றணும்."

"தரையில உக்காரு. கதவுக்கிட்ட வா. அங்கே குழாய்ப் பக்கம் போகாதே."

"தொண்டை காயுது. தண்ணி கெடைக்குமா?"

"டின் இருக்கு. பருப்புக்கறியில தண்ணிதானே அதிகம்?"

"மேனேஜர் புண்ணியத்துல அதுல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல." யூசுப் பாக்கெட் கத்தியை எடுத்தான். "எதைத் திறக்க?"

"ஒண்ணு குழாயை ஒட்டின தட்டுல இருந்து எடு. இன்னொண்ணு இந்தக் கதவுப் பக்கத் தட்டுல இருந்து எடு. ரெண்டும் ஒரே நாள் தேதி அடிச்சதா, ராணுவ முத்திரை உள்ளதாப் பார்த்து எடு."

"தாகத்துக்குக் குடிக்கிறவன் தேதி பார்ப்பானா?"

"நீ பாரு."

யூசுப் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குழாய்ப் பக்கம் ஓடி ஒரு டின்னைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். துண்டையும் தாண்டிச் சுட்டது. டின் கொஞ்சம்கூட வீங்கவில்லை. கெட்டுப்போன டின் வயிறு புடைத்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். நம்பிக்கையோடு துளைத்தான், ஒரு வாய் குடித்தான். முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த குழந்தை மாதிரி சுருங்கியது.

"பருப்பா இது? ரசம் லா! புளிப்பு கண்ணைப் பறிக்குது!"

"இப்ப கதவுப் பக்கத்து டின்."

இரண்டாவது டின்னை யூசுப் சந்தேகத்தோடு நக்கினான். பிறகு ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். "நல்லாயிருக்கு. உப்பு கம்மி. அண்ணே, உங்களுக்கு."

சேதுராமன் டின்னை வாங்கவில்லை. கண்கள் பளபளத்தன. "இன்னும் ஒரு ஜோடி."

இன்னொரு ஜோடி. குழாய்ப் பக்கம் புளிப்பு, கதவுப் பக்கம் நல்லது. மூன்றாவது ஜோடியும் அதேதான்.

"யூசுப்பு, யோசி. நீ நாசக்காரன். ராணுவ டின்னுல எதையோ கலக்குறே. இந்த டின்னு குழாய்ப் பக்கம் போகும், அந்த டின்னு கதவுப் பக்கம் போகும்னு மூடுறதுக்கு முன்னாலேயே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ரெண்டு பக்கமும் புளிச்சிருக்கணும். குழாய்ப் பக்கம் மட்டும் ஏன் புளிச்சுது?"

"அங்கே சூடு ஜாஸ்தி... இருங்க அண்ணே. சூடாயிருந்தா கெடாதே? எங்கம்மா மிச்சமான சால்னாவை ராத்திரியெல்லாம் கங்கு மேலேயே வச்சிருக்கும். கெடாம இருக்கத்தானே?"

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். நம்ம எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்." சேதுராமன் சுவரில் சாய்ந்தார். மூச்சு வாங்கியது. "காலையில கோலாலம்பூருக்கு டிரங்க் கால் போட்டேனே..."

"டாக்டர் சந்திரமதி. கிருமி ஆராய்ச்சி. நீங்க 'ஆமாங்க, ஆமாங்க'ன்னு சொல்லிக்கிட்டே நின்னீங்க. நான் ஏதோ சம்பந்தம் பேசுறீங்கன்னு நெனச்சேன்."

"கடேக் வெந்நீர் ஊத்துக்குப் போயிருக்கியா?"

"போகாமயா? மாமாவுக்கு முட்டி வலி வந்தா குடும்பமே குளிக்கப் போகும்."

"ஊத்து வாயில, கால் வைக்க முடியாத சூட்டுல, கல்லு மேல வழவழன்னு படிஞ்சிருக்குமே?"

"அதுல வழுக்கி விழுந்துதான் இந்தப் பல்லு போச்சு."

"அது உயிரு யூசுப்பு. கோடிக்கணக்கான கிருமி. சாதாரணக் கிருமியைச் சூட்டுல போட்டா, முட்டை வேகுற மாதிரி உள்ளே எல்லாம் கெட்டியாகி செத்துடும். இதுங்க அந்தச் சூட்டுலதான் குடும்பம் நடத்துது."

"பழகிடுச்சா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. பழக்கம் ஒருத்தனோட போயிடுமாம். இது வம்சமாம். எல்லா உயிருக்குள்ளேயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்காம். உடம்பை எப்படிக் கட்டணும்னு அதுதான் சொல்லுது. அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு அப்படியே போகுது. என்னைக்கோ சூட்டுல விழுந்த கிருமியெல்லாம் செத்துச்சு. ஒண்ணு ரெண்டுல மட்டும் அந்த நூல் தற்செயலா மாறியிருந்துச்சு. உடம்பை இறுக்கமாப் பின்னி வச்சிருந்துச்சு. அது பிழைச்சுது. அதோட பிள்ளைங்கள்ல இன்னும் இறுக்கமா இருந்தது இன்னும் நல்லாப் பிழைச்சுது. இப்படியே போய், கடைசியில சூடு இல்லாட்டி வாழவே முடியாத சாதி ஆயிடுச்சு."

"குளிர்ச்சியில வச்சா?"

"சாகாது. விதை மாதிரி சுருண்டு தூங்கும். அந்த விதை கொதிக்கிற தண்ணிக்கும் மசியாது. கொஞ்சம் போல இருந்தா அவிக்கிற தொட்டியில செத்துடும். மலைமலையா இருந்தா சிலது தப்பிச்சுடும். தப்பிச்சது எங்கே போச்சோ அதைப் பொறுத்து மிச்சக் கதை. மளிகைக் கடையில டின்னை எங்கே அடுக்குவாங்க?"

"சிமெண்டுத் தரையில. சில்லுன்னு இருக்கும்."

"அங்கே தூங்குது. ராணுவம் எங்கே அடுக்குச்சு?"

யூசுப்பின் வாய் பிளந்தது. "பத்து பெரெண்டாம் ராணுவ முகாம்! தகரக் கொட்டகை! பகல்ல உள்ளே போனா முடி கருகும்!"

"அங்கே எழுந்து உக்காந்து சாப்பிட்டுச்சு. காத்து விடுற சாதியில்ல, அதனால டின்னு வீங்கல. புளிப்பை மட்டும் விட்டுட்டுப் போச்சு. நாசக்காரன் யாரும் ராணுவத்தைப் பொறுக்கி எடுக்கல. சூடுதான் பொறுக்குச்சு."

"அப்ப மேனேஜர் இந்த ரூம்ல வச்சுப் பார்த்தது?"

"இவ்வளவு சூட்டுல உள்ளே வர அவருக்கு என்ன தலையெழுத்து? கதவைத் திறந்து, கைக்கு எட்டுற தட்டுல இருந்து ஒண்ணை எடுத்து, 'எல்லாம் நல்லாயிருக்கு'ன்னு எழுதியிருப்பார்."

யூசுப் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வெப்பமானியைப் பார்த்தான்.

"அண்ணே, அந்தக் கிருமியோட நூல்ல என்ன எழுதியிருக்கோ எனக்குத் தெரியாது. நம்ம நூல்ல இது எழுதல."

அதற்குப் பிறகு அவன் வேடிக்கை பேசவில்லை. யூசுப் வேடிக்கை பேசாவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம். வியர்வை வழிவதுகூட நின்றுபோயிருந்தது. சேதுராமனின் உதடுகள் வெளுத்திருந்தன. கண் எதிரே மருதமுத்துவை விடுவிக்கும் சாட்சி தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. போலீஸ் லோரிக்கு இந்நேரம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

யூசுப் தட்டின் இரும்புச் சட்டம் ஒன்றை உருவினான். குழாயருகே போய் ஓங்கி அடித்தான். டங், டங், டங். நிறுத்தினான். மறுபடியும் டங், டங், டங்.

யாரும் வரவில்லை.

"அண்ணே, ஆள் தட்டுறான்னு எவனுக்கும் புரியலயே!"

சேதுராமன் கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "புரிஞ்சா மட்டும்? எவனோ ரிப்பேர் பண்றான்னு விட்டுடுவான். ஆள் தட்டுற மாதிரித் தட்டாதே. கோளாறு தட்டுற மாதிரித் தட்டு."

"என்னது?"

"நீராவிக் குழாய்ல தண்ணி தேங்கினா அது தானா இடிக்கும். ஒழுங்கே இருக்காது. ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா, ஒரு நடுக்கம், அப்புறம் பெரிய இடி. பாய்லர்காரனுக்கு அந்தச் சத்தம்தான் எமன். குழாய் வெடிச்சுடும்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வருவான். தண்ணியை வடிக்கிற திருகு இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு, பாரு."

யூசுப் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டான். பைத்தியம் பிடித்தவன் மாதிரி குழாயை அடித்தான். டக்டக். டங். டகடகடக. நிறுத்தினான். டமார்!

கை கொப்பளித்தது. கண் இருட்டியது. சட்டம் நழுவியது. எடுத்தான், அடித்தான்.

வெளியே தடதடவென்று கால்கள். தாழ்ப்பாள் பறந்தது.

"மோசம் போச்சு, குழாய்..." என்று கத்திக்கொண்டே பெரிய திருகுசாவியோடு உள்ளே பாய்ந்த பாய்லர்காரர் நல்லையா, தரையில் கிடந்த இரண்டு பேரைப் பார்த்து அப்படியே நின்றார். "யாரு? ஐயய்யோ, துப்பறியும் ஐயாவா!"

"குழாய் நல்லாயிருக்கு அண்ணே," என்றான் யூசுப், வாசல் காற்றை வாயால் கடித்து விழுங்கியபடி. "நாங்கதான் கோளாறு."

நல்லையா இருவரையும் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். தலையை முக்கி எடுத்தார். சேதுராமன் மூன்று குவளை குடித்த பிறகுதான் பேசினார்.

"விஜயா எங்கே?"

"அப்பவே போயிடுச்சே. கையில மூட்டை. ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொல்லிச்சு."

"அப்பாடா!" என்றான் யூசுப். "மேனேஜர் அதை ஒண்ணும் செய்யல."

அந்த நேரத்தில் மேனேஜர் கலியாணசுந்தரமே வந்து நின்றார். வெள்ளைக் கால்சட்டை, பேனா செருகிய சட்டைப்பை. "என்ன இது? யாரைக் கேட்டு உள்ளே போனீங்க? அந்த டின்னெல்லாம் கம்பெனிச் சொத்து!"

"தப்புதான் சார்," என்றார் சேதுராமன் பணிவாக. "ஒரே ஒரு சந்தேகம். சாயங்காலம் பருப்பு மிச்சமானா கொட்டிடுவீங்களா?"

"கொட்டுறதா? நான் என்ன அவ்வளவு ஊதாரியா? அப்படியே அடுப்புல கங்கு போட்டு வச்சிருப்போம். சூடாயிருந்தா கெடாது. மறுநாள் புதுப் பருப்போட கலந்துக்குவோம். இந்தச் சிக்கனமெல்லாம் என் ஏற்பாடு."

"ராத்திரி கங்கு அணைஞ்சா?"

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நல்லையா சொன்னார்: "விடியறதுக்கு முந்தி விஜயா வந்து ஊதிவிடும். மேனேஜர் சொன்னாருன்னு. மருதமுத்துக்குத் தெரியாம வரும். மணி அடிக்காம வேலைக்குப் போகக்கூடாதுன்னு அவன் சண்டை போடுவான்ல?"

"சார்," என்றார் சேதுராமன், "ராத்திரியெல்லாம் வெந்நீர் ஊத்து மாதிரி ஒரு பானை. அதுல அந்தக் கிருமிக்கு விருந்து. காலையில அத்தனையையும் எடுத்துப் புதுப் பருப்புல விதைச்சிருக்கீங்க. உங்க சிக்கனத்தை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன். ரொம்பச் சந்தோஷப்படுவார்."

மேனேஜரின் பேனா பையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

குழாய்ப் பக்கத்து டின்கள் சில, கதவுப் பக்கத்து டின்கள் சில. ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டு யூசுப்பின் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். எதிர்காற்றைப் போல் இனிமையான ஒன்றை இருவரும் அதுவரை அனுபவித்ததில்லை.

"அண்ணே! ஒண்ணு மட்டும் புரியல!" யூசுப் காற்றை மீறிக் கத்தினான். "மேனேஜர் நம்மளப் பார்த்து நெசமாவே திகைச்சான். அவன் பூட்டலைன்னா யார் பூட்டினது?"

"விஜயா."

மோட்டார் சைக்கிள் ஒரு வளைவு வளைந்தது.

"தாழ்ப்பாள் விழுறதுக்கு முந்தி, கதவு திறந்திருந்தப்பவே, எந்தக் காலடியும் வரல. விழுந்த பிறகு கதவுல காதை வச்சேனே, அப்ப தரை அதிர்ற மாதிரி ஒரே ஒரு சத்தம் போச்சு. மரக்கட்டைச் செருப்பு. சமையல்கட்டு ஈரத்துல பொம்பளைங்க போடுறது."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட சொல்லாம..."

"சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்காகக் குழாயை அடிச்சிருப்பியா?"

யூசுப் கொப்பளித்த கையைக் காற்றில் ஒருமுறை உதறிக்கொண்டான். "அடிச்சிருப்பேன்," என்றான். "கொஞ்சம் மெதுவா."

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் லோரி உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே இன்ஸ்பெக்டர் கபீர் மேசையில் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கைவிலங்கோடு மருதமுத்து. சுவரோரப் பெஞ்சில், மடியில் மூட்டையோடு விஜயா. உள்ளே வந்த இருவரையும் பார்த்ததும் அவள் எழுந்தாள். மூட்டையை இறுக்கிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள். வெந்து சிவந்திருந்த யூசுப்பின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"என்ன சேதுராமன், துணி துவைக்கிற கல்லுல படுத்து எழுந்த மாதிரி வர்றீங்க?" என்றார் கபீர்.

சேதுராமன் மேசைமேல் இரண்டு டின்களை வைத்தார். "திறங்க சார். ருசி பாருங்க."

கபீர் திறந்தார், பார்த்தார். ஒன்றுக்குத் தலையை ஆட்டினார். மற்றதைத் துப்பினார்.

"ஒரே நாள் தேதி. ஒரே ராணுவ முத்திரை. நல்லது கதவுப் பக்கம் இருந்தது, புளிச்சது நீராவிக் குழாய்ப் பக்கம் இருந்தது. அத்தனை டின்னும் அப்படித்தான் சார். கதவுப் பக்கத்துக்குச் சங்கம் கிடையாது. குழாய்ப் பக்கத்துக்குக் கட்சி கிடையாது." அடுப்புக் கங்கிலிருந்து பத்து பெரெண்டாம் கொட்டகை வரைக்கும் சேதுராமன் வரிசையாகச் சொல்லி முடித்தார். "பையில மிச்ச டின்னு இருக்கு. டாக்டர் சந்திரமதிக்கு அனுப்புங்க. அவங்க தாள்ல எழுதிக் கொடுப்பாங்க."

கபீர் நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாம் சரி. ஆனா இவனே ஒத்துக்கிட்டானே?"

சேதுராமன் மருதமுத்துவைப் பார்த்தார். "எப்படிப் புளிக்க வச்சே?"

"புளித்தண்ணி ஊத்தினேன்."

"எதுல?"

"பருப்புப் பானையில."

"அதே பானைப் பருப்புதான் கடைக்கும் போச்சு. அது ஏன் புளிக்கல?"

மருதமுத்து தலை குனிந்தான்.

"நீ ஊத்தல. விடியறதுக்கு முந்தி, ஆளில்லாத நேரத்துல, அந்தப் பானைக்கிட்ட வேற ஒருத்தர் நின்னதைப் பார்த்தே. அதுக்கு முந்தின வாரம்தான் மேனேஜர் அவங்களை எல்லார் முன்னாலயும் திட்டியிருந்தார். அவங்கதான் எதையோ கலந்தாங்கன்னு நெனச்சுப் பழியை நீ ஏத்துக்கிட்டே. சரியா?"

அவன் கண் பெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது. அது போதுமானதாக இருந்தது.

"கங்கு ஊதத்தான் போனேன்," என்றாள் விஜயா மெல்ல. "சொன்னா சண்டை போடுவீங்கன்னு..."

கபீர் பேனாவை மேசையில் தட்டினார். "அப்புறம் இன்னொண்ணு. உங்களை யார் இப்படி வேக வச்சது?"

சேதுராமன் யூசுப்பைப் பார்த்தார்; கொப்பளித்த கை அவனுடையது. யூசுப் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கதவு தானா சாத்திக்கிச்சு சார். பழைய கதவு. வயசாயிடுச்சு, அதுக்கே ஞாபகம் இல்ல."

"இல்ல சார்." விஜயா எழுந்து நின்றாள். "நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். குழாய் சூடாகும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"ஏன்மா? நீதானே இவங்களைக் கூட்டிட்டு வந்தே?"

"கையெழுத்துப் போட்டதோட போனா கப்பல்தான். சாட்சியும் சிக்கிட்டா கோர்ட்டு, தூக்குன்னு வெளியே நிக்கிற போலீஸ் மாத்தா சொன்னாரு. இவங்களை உள்ளே விட்ட பிறகுதான் அது ஞாபகம் வந்துச்சு, இவர் செஞ்சதுக்கு உள்ளே சாட்சி இருக்கும்னு பயந்துட்டேன். லோரி கிளம்புற வரைக்கும் பூட்டி வச்சா போதும்னு... கப்பல்னா நானும் கூட ஏறிக்கலாம் சார்."

மருதமுத்து தலையை நிமிர்த்தினான். விலங்குச் சங்கிலி சத்தம் போட்டது.

"நான்தான் செஞ்சேன்னு நெனச்சியா?"

"நீங்க மட்டும்?"

வாசலில் லோரிக்காரன் பொறுமையிழந்து ஹாரனை அடித்தான்.

கபீர் ஜன்னல் வழியாகக் கையை வீசினார். "நீ போ! இன்னிக்கு ஆளில்ல!" லோரி உறுமி நகர்ந்தது. அவர் மருதமுத்து பக்கம் திரும்பினார். "உன்னை இப்ப விட முடியாது. கோலாலம்பூர்ல இருந்து தாள் வர்ற வரைக்கும் உள்ளேதான் இருப்பே. ஆனா கப்பல் கிடையாது."

மருதமுத்து அவரைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவன் கண் மனைவியின் கையில் இருந்த மூட்டையில் நின்றது. அவளுடைய சேலை, அவனுடைய சட்டை, ஒரு செம்பு. கடல் தாண்டிப் போக அவ்வளவுதான் கட்டியிருந்தாள்.

"பசியாறினியா?" என்று கேட்டான்.

விஜயா இல்லையென்று தலையசைத்தாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கபீர் மேசைமேல் இருந்த நல்ல டின்னை எடுத்து, டிராயரில் இருந்து ஒரு கரண்டியும் எடுத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"சார், அது சாட்சி!" என்றான் யூசுப் பதறிப்போய்.

"புளிச்சதுதான் சாட்சி," என்றார் கபீர். "இது சாப்பாடு."